கொடுத்தவர், வாங்கியவர், கைமாறியவர்

பிப்ரவரி பிறந்தால் அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்களுக்கு ஒரு ஜுரம் வந்துவிடும். என்.பி.ஏ. டீம்கள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள அந்த மாதத்தில்தான் கெடு முடிகிறது. சலூனில், ஆபீஸ் கேன்டீனில், ரேடியோவுக்கு போன் போட்டுப் பேசும் நிகழ்ச்சிகளில் எங்கும் இதே பேச்சு. 'அந்த நெட்டையனைக் கொடுத்துட்டு இந்தக் குட்டையனை வாங்கு! கூடவே ரெண்டு பொடியன்களைத் தள்ளிவிடு!'

சும்மா வாய்ப்பேச்சு என்று நினைக்காதீர்கள். 1984-85 சீசனில் ஒரு டீமின் மொத்தச் சம்பளத்துக்கு 36 லட்சம் டாலர் என்று வரம்பு கட்டினார்கள். அந்த வரம்பு காலப்போக்கில் வெகுவாக ஏறிவிட்டது. அதைத் தாண்டிய டீம் ஒருவரைக் கொடுத்து இன்னொருவரை வாங்கினால், போகிறவரின் சம்பளமும் வருகிறவரின் சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். அதனால் ரசிகர்கள் கால்குலேட்டரோடுதான் சண்டைக்கு உட்காருகிறார்கள். கணக்கு வாத்தியார்கள் தோற்றார்கள், போங்கள்!

அந்தச் சண்டையைக் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். 'நாம கொடுக்கிறோம்', 'நாம வாங்குறோம்' என்றுதான் பேசுவார்கள். கைமாறுகிற ஆள் என்ன நினைக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்ட ஒரு சம்பவத்திலிருந்து ஆரம்பிப்போம்.

வருடம் 1956. பாஸ்டன் செல்டிக்ஸ் டீமின் கோச், சுருட்டுப் பிரியரான ரெட் ஆவர்பாக். அவரிடம் பாப் கூஸி என்ற அற்புதமான ஆட்டக்காரர் இருந்தார். புள்ளிகள் குவிந்தன. ஆனால், கோப்பை மட்டும் வரவில்லை. கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பாய்ந்து பிடிக்க ஆள் இல்லை! சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் பில் ரஸல் என்று ஒரு கறுப்பின இளைஞர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஆறடி பத்து அங்குல உயரம். 1955, 1956 இரண்டு வருடமும் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டம் அவருடைய டீமுக்குத்தான்.

ஐ.பி.எல். மாதிரி அங்கே ஏலம் கிடையாது. கல்லூரி முடித்து வரும் பையன்களை டீம்கள் வரிசைப்படி பொறுக்கி எடுக்கும். அதற்குப் பெயர் டிராஃப்ட். அந்தக் காலத்தில் மோசமாக ஆடிய டீமுக்கு முதல் வாய்ப்பு. பாஸ்டனின் முறை வருவதற்குள் ரஸல் பறந்திருப்பார். முதல் வாய்ப்பு ராச்செஸ்டருக்கு. அவர்களிடம் ஏற்கெனவே மாரிஸ் ஸ்டோக்ஸ் என்ற பிரமாதமான உயரக்காரர் இருந்ததால், வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். (பாஸ்டன் முதலாளி வால்டர் பிரவுன், தன்னுடைய ஐஸ் ஸ்கேட்டிங் காட்சியை அந்த ஊருக்கு அனுப்புவதாக ஆசை காட்டி ரஸலை விடச் சொன்னார் என்றும் ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது!) இரண்டாவது வாய்ப்பு செயின்ட் லூயிஸ் ஹாக்ஸுக்கு.

அதன் முதலாளி பென் கெர்னரிடம் ஆவர்பாக் பேரம் பேசினார். 'ரஸலை எனக்குத் தா. பதிலுக்கு எட் மெக்காலேயை எடுத்துக்கொள்.' மெக்காலே பாஸ்டனின் செல்லப்பிள்ளை. நட்சத்திர ஆட்டக்காரர். கெர்னர் லேசுப்பட்டவரா? 'கிளிஃப் ஹேகனையும் சேர்த்துக் கொடு' என்றார்.

கோச் சரி என்றாலும் முதலாளி பிரவுனுக்கு மனசு வரவில்லை. இத்தனை வருஷம் உழைத்தவரை எப்படித் தள்ளிவிடுவது என்று தயங்கினார். அந்தத் தயக்கத்தைத் தீர்த்து வைத்தது யார் தெரியுமா? சாட்சாத் மெக்காலேதான்! அவருடைய சொந்த ஊர் செயின்ட் லூயிஸ். மூளைக்காய்ச்சல் கண்டு, அதன் பாதிப்பிலிருந்து மீளாத அவருடைய கைக்குழந்தைக்கு அந்த ஊரில்தான் சிகிச்சை. 'என்னை அங்கே அனுப்பினால் அது எனக்கு நீங்கள் செய்யும் உபகாரம்' என்கிற மாதிரி முதலாளியிடம் அவரே சொல்லிவிட்டார். பேரம் படிந்தது.

பிறகு நடந்தது சரித்திரம். மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிவிட்டு 1956 டிசம்பரில் ரஸல் பாஸ்டனுக்கு வந்தார். 1957 ஃபைனலில் எதிரே நின்றது, சொல்லி வைத்தாற்போல் செயின்ட் லூயிஸ்! ஏழாவது ஆட்டம் இரண்டு முறை கூடுதல் நேரத்துக்குப் போய், 125-123 என்று பாஸ்டன் ஜெயித்தது. மறு வருடம் ரஸலுக்குக் கணுக்காலில் அடி. மெக்காலேயும் ஹேகனும் இருந்த செயின்ட் லூயிஸ் கோப்பையைத் தட்டிப் பறித்தது. அதன்பின் 1959 முதல் 1966 வரை தொடர்ந்து எட்டு வருடம் பாஸ்டன்தான். பதிமூன்று சீசனில் ரஸலுக்குப் பதினொரு பட்டங்கள்.

இவ்வளவு வாங்கிக்கொடுத்தவரை ஊர் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? புறநகரில் அவர் குடியிருந்த வீட்டுக்குள் ஆட்கள் புகுந்து, பொருட்களை நாசமாக்கி, சுவரில் இனவெறி வசவுகளை எழுதிவிட்டுப் போனார்கள். மைதானத்தில் வேண்டும், பக்கத்து வீட்டில் வேண்டாம்!

சரி, மெக்காலேயின் மனசும் முதலாளியின் முடிவும் ஒத்துப்போனது அதிர்ஷ்டம். ஒத்துப்போகாதவர்கள்? அவர்களுக்கு வாயே கிடையாது. அந்தக் கால ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அந்த டீமுக்கே கட்டுப்பட்டவர். முதலாளி விற்றால் போகலாம். தானாகப் போக முடியாது. தச்சரோ டாக்டரோ வேலை பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் பார்க்கலாம். பந்தாடுகிறவருக்கு மட்டும் அந்த வழி அடைபட்டிருந்தது.

இதை எதிர்த்துக் கிளம்பியவர் ஆஸ்கர் ராபர்ட்சன். 1961-62 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் என்று மலைக்க வைத்த மனிதர். ஆட்டக்காரர்கள் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். 1970-ல் அவருடைய டீமான சின்சினாட்டி அவரை பால்டிமோருக்குத் தள்ளிவிடப் பார்த்தது. தன் சம்மதமில்லாமல் மாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் முன்னெச்சரிக்கையாக எழுதி வாங்கியிருந்தார் ராபர்ட்சன். 'முடியாது' என்றார். எத்தனை பேரால் அப்படிச் சொல்ல முடியும்? அதே ஏப்ரலில் தன் பெயரை முன்னால் போட்டு, சக ஆட்டக்காரர்களோடு என்.பி.ஏ. மீதே வழக்குப் போட்டார். பிறகு சம்மதித்து மில்வாக்கிக்குப் போய், 1971-ல் கோப்பையும் வாங்கினார்.

வழக்கு ஆறு வருடம் இழுத்து, 1976-ல் சமரசத்தில் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் வேறு டீமோடு பேசலாம் என்ற வழி மெல்லத் திறந்தது. கட்டுப்பாடே இல்லாமல் முதன்முதலில் தாண்டிப் போனவர் டாம் சேம்பர்ஸ், 1988-ல். ஆக, 'இந்த வருஷம் யாரை ஒப்பந்தம் போட்டு இழுக்கலாம்?' என்று ரசிகர்கள் ஜூலையில் ஆசை ஆசையாகப் பட்டியல் போடுகிறார்களே, அந்தப் பட்டியலே கோர்ட்டில் பிறந்ததுதான்!

உரிமை வந்துவிட்டது. ரசிகர் மனசு மாறியதா? 2010 ஜூலையில் லெப்ரான் ஜேம்ஸ் ஏழு வருட ஒப்பந்தக் காலத்தை ஒழுங்காக முடித்துவிட்டு க்ளீவ்லாந்திலிருந்து மயாமிக்குப் போனார். தெருவில் அவருடைய ஜெர்ஸியைக் கொளுத்தினார்கள். துரோகியாம்! 2017 ஏப்ரலில் பாஸ்டனின் ஐசேயா தாமஸுடைய தங்கை கார் விபத்தில் இறந்துபோனார். மறுநாளே களமிறங்கி 33 புள்ளி எடுத்தார் அந்த ஐந்தடி ஒன்பது அங்குல மனிதர். இடுப்பு வலியோடும் ஆடினார். ஆகஸ்டில் பாஸ்டன் அவரை க்ளீவ்லாந்துக்குக் கொடுத்து கைரி இர்விங்கை வாங்கியது. இதற்குப் பெயர் மட்டும் பிசினஸ். அந்த இர்விங் இரண்டே வருடத்தில், ராபர்ட்சன் திறந்துவிட்ட வழியில், தன் இஷ்டத்துக்கு புரூக்ளின் போய்விட்டார் என்பது உபரித் தகவல்.

ஆனால் 2025 பிப்ரவரியில் டாலஸில் வேறொரு காட்சி. முந்தின வருடம்தான் டீமை ஃபைனல் வரை கொண்டுபோன லூகா டான்சிச்சை, அவர் கேட்காமலே லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்தது நிர்வாகம். ரசிகர்கள் அரங்கத்துக்கு வெளியே சவப்பெட்டி வைத்துத் துக்கம் காத்தார்கள். இதைச் செய்த மேனேஜர் நிகோ ஹாரிசனை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி ஆட்டத்துக்கு ஆட்டம் கூச்சல். நவம்பரில் அவர் வேலையும் போனது. கணக்குப் போட்டுப் பழகிய ரசிகர்களேதான், கணக்கில் அடங்காத ஒன்று போய்விட்டதென்று அழுதார்கள்.

நீங்களும் உங்கள் டீமுக்காகத் தாராளமாகச் சண்டை போடுங்கள். அதில் ஒரு சுகம் இருக்கிறது. கூடவே மெக்காலேயையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். ரஸலுக்கு விலையாகப் போனவர் என்றுதான் சரித்திரத்தில் அவருக்குப் பெயர். ஆனால் அவரை அனுப்பிவைத்த அதே பாஸ்டன், 1963-ல் அவருடைய 22-ம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்து ஓய்வு கொடுத்தது. அரங்கத்தின் உச்சியில் ரஸலின் 6 தொங்குகிறது. 22-ம் அங்கேதான் தொங்குகிறது.