நிலக்கரியை விட்ட பிரிட்டன்

1882இல் லண்டனில் நிலக்கரி மின்நிலையம் திறந்த நாடு பிரிட்டன். 2024 செப்டம்பர் 30ஆம் நாள் அங்கே கடைசி நிலையமும் நின்றது. 1990இல் வெளியிட்ட கரியமில வாயுவில் ஏறத்தாழப் பாதிதான் இன்று அந்நாட்டில் வெளியாகிறது. வடகடல் எரிவாயு மலிவாக வந்தது. 2013இல் கரிப்புகைக்குக் கூடுதல் வரி விதித்தார்கள். கடலில் காற்றாலைகள் எழுந்தன. தொழிற்சாலைகள் சில வெளிநாடு போனதும் ஒரு காரணம். அந்தப் புகை வேறு நாட்டு வானத்தில் எழுகிறது, அவ்வளவுதான்!

சுரங்கத் தொழிலாளிகள் என்ன ஆனார்கள்? 1984இல் 20 சுரங்கங்களை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. புகைக்காக அன்று, நட்டக் கணக்குக்காக. ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். தகப்பன் இறங்கிய குழியில் மகனும் இறங்கிய ஊர்கள் அவை. தோட்டத் துண்டாடலைக் கண்ட நமக்கு அந்த வேதனை புரியும். கடைசி ஆழ்சுரங்கம் 2015 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் பிறகும் மின்நிலையங்களில் பெரும்பாலும் இறக்குமதி நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருந்தது.