வாக்குச் சீட்டு வந்த வழி

கொடுங்கோலன் என்றதும் ரோமாபுரி நீரோவும் ரஷ்ய நாட்டு ஜாரும் நம் நினைவுக்கு வருகின்றனர். நம் ஊர்க் கச்சேரியிலே கோலோச்சிய தனியாட்சியை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிரெஞ்சு நாட்டிலே அது வாளால் வீழ்ந்தது. சேலம், நாமக்கல் சமவெளியிலே சட்டத்தால், மாநாட்டால், வாக்கால் மெல்ல மெல்லச் சரிந்தது. அந்த வரலாற்றை இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கும்பினியார் வசமாயின. பின்னர், நிலையான வரித்திட்டம் என்ற பெயரால் நிலம் மிட்டா மிட்டாவாகக் கூறு போடப்பட்டு ஏலத்திற்கு வந்தது. எடுத்தவர் மிட்டாதார், உழுதவன் குடி! அந்தக் குடியின் கருத்தைக் கேட்டவர் எவர்?

1920-ல் தேர்தல் வந்தது. ஆனால் சுமார் 4 கோடி மக்கள் வாழ்ந்த சென்னை மாகாணத்திலே, வாக்குரிமை பெற்றோர் சுமார் 12 லட்சம் பேரே. சொத்துடையோனுக்கே சீட்டு! எனினும் கதவு சற்றே திறந்தது. நீதிக்கட்சி ஆட்சியில், 1921-ல், பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1926-ல் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன் முதலமைச்சரானார். அவருடைய அமைச்சரவையில் இடம்பெற்ற முத்தையா முதலியார் வகுப்புரிமை ஆணையை நடைமுறைப்படுத்தினார். நன்றியுடன் நினைக்கிறோம். ஆயினும் போலீசும் நிதியும் கவர்னர் பக்கமே இருந்தன. ஏழைக் குடியானவனோ வாசலிலேயே நின்றான்.

1944 ஆகஸ்ட் 27. சேலத்திலே நீதிக்கட்சி மாநாடு. வெள்ளையர் தந்த பட்டங்களைத் துறந்திட வேண்டும், நியமனப் பதவிகளை விட்டு விலகிட வேண்டும் என்றது அண்ணாவின் தீர்மானம். பெரியார் தலைமையிலே கட்சி திராவிடர் கழகமாயிற்று. சீமான்களின் மாளிகையிலிருந்த இயக்கம் சாமான்யனின் தெருவுக்கு வந்த நாள் அது! ஆள்வோரிடம் பதவி கேட்டுப் பெறுவதினும், மக்களிடம் சென்று ஆதரவு கேட்பதே மேல் என்று ஒரு கட்சி தன்னைத்தானே திருத்திக் கொண்டது.

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் பிறந்தது. 1952-ல், 21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்கு. மிட்டாதாருக்கும் ஒன்று, அவர் வயலில் நாற்று நட்ட தாய்க்கும் ஒன்று!

அமைதியான மாற்றம் என்று கூறி உண்மையை மறைக்க மாட்டோம். குடியரசு மலர்ந்த 16-ஆம் நாள், 1950 பிப்ரவரி 11-ல், சேலம் சிறையிலே சுடப்பட்டு மாண்ட கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர். சட்டப் புத்தகம் மாறியது. துப்பாக்கியைப் பிடித்த கையின் பழக்கம் மாறவில்லை. 1975-ல் நெருக்கடி நிலை வந்தபோதும் அதனையே கண்டோம். அதை முடித்து வைத்ததும் 1977-ல் நாட்டு மக்கள் இட்ட வாக்கே.

மன்னன் போனான், கும்பினி போயிற்று, மிட்டா போயிற்று. சாதி போயிற்றா? தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர், பிறப்பின் காரணமாகத் தம் நாற்காலியில் அமரத் தயங்கும் ஊர் ஒன்று இருப்பினும், அங்கே பழைய தனியாட்சி சாகவில்லை என்றே பொருள்.

தோழர்களே! பெட்டியிலே விழும் சீட்டு பாதி வழி. அந்த நாற்காலி வரை சென்றாலன்றிப் பயணம் முடிவதில்லை.