தண்டவாளம்

ஆங்கிலத்தில் ‘ரெயில்’ என்பது தரையில் கிடக்கும் இரும்புச் சட்டத்தின் பெயர். தமிழில் ரயில் என்றால் அதன்மேல் ஓடும் வண்டி. ‘ரயில் வந்துவிட்டது’, ‘ரயிலைக் கோட்டைவிட்டான்’ என்று சொல்லும்போது யாரும் சட்டத்தை நினைப்பதில்லை. ‘ரயில்வே’ இன்னும் விலகிப்போய், சம்பளம் தரும் துறையைக் குறிக்கிறது. மாப்பிள்ளை ரயில்வேயில் இருக்கிறார். இலங்கைத் தமிழர் பேச்சில் வண்டி ‘கோச்சி’ ஆயிற்று. இப்படி வண்டிக்கும் துறைக்கும் வெளியிலிருந்து சொல் வந்தாலும், சட்டத்துக்குக் கையிலிருந்த சொல்லே போதுமானதாக இருந்தது: தண்டவாளம்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் ‘ரெகுலா’, நேரான கோல். வாத்தியார் கையிலிருந்த ரூல்தடியும் அதே வேரில் முளைத்ததுதான். தமிழ்ச் சொல்லில் ‘தண்டு’ இருப்பது பார்த்தவுடன் தெரிகிறது. அகராதிகள் தண்டவாளத்துக்கு வார்ப்பிரும்பு என்ற பொருளையும் தருகின்றன. பொன்னைக் குறிக்கும் சொல் நகைக்கு ஆவதுபோல, உலோகத்தின் பெயர் அதனால் செய்த பொருளுக்கு ஆகியிருக்கிறது.

அந்தப் பெயர் வரலாற்றோடும் ஒத்துப்போகிறது. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் முதலில் இருந்தவை மரத்தடங்கள். 1767-இல் கோல்புரூக்டேல் ஆலை வார்ப்பிரும்பால் சட்டம் செய்தது. குதிரை இழுத்தவரை சங்கடமில்லை. 1804-இல் ரிச்சர்ட் டிரெவிதிக் வேல்ஸில் நீராவி எஞ்சினை ஓட்டியபோது அதன் கனம் தாங்காமல் வார்ப்புச் சட்டங்கள் உடைந்தன. வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. 1820-இல் ஜான் பர்கின்ஷா தேனிரும்பை உருளைகளுக்கிடையே விட்டு நீளச் சட்டமாக இழுக்க வழி கண்ட பிறகுதான் எஞ்சினுக்கு ஏற்ற பாதை கிடைத்தது. எஞ்சினைக் கண்டவர்களின் பெயர் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. சட்டத்தைச் சரிசெய்தவரை யாரும் கேட்பதில்லை.

சென்னைக்கு இந்தப் பொருள் சீக்கிரமே வந்தது. 1837-இல், செங்குன்றத்திலிருந்து சாலை போடக் கல் கொண்டுவர ஒரு தடம் போடப்பட்டது. பயணிகளுக்கான பாதையின் வேலை 1853-இல் தொடங்கியது. அதன் புறப்பாட்டு இடம் ராயபுரம். 1856 ஜூன் 28-இல் ஆளுநர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர், வண்டி ஓடியது. பம்பாயும் ஹௌராவும் முந்திக்கொண்டாலும் அங்கிருந்த முதல் நிலையக் கட்டடங்கள் நிலைக்கவில்லை. ராயபுரத்துக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அன்று போட்ட பாதையில் இரண்டு சட்டங்களுக்கும் இடையே 1,676 மில்லிமீட்டர். தலைமை ஆளுநர் டல்ஹௌசி காலத்தில் முடிவான அந்த அகலப்பாதை அளவு மாறவே இல்லை.

ராயபுரம் திறந்து இரண்டு மாதம் ஆவதற்குள், அதே 1856 ஆகஸ்டில், ஹென்றி பெசிமர் மலிவாக எஃகு உருக்கும் முறையை அறிவித்தார். மறு ஆண்டே இங்கிலாந்தின் டார்பி நிலையத்தில் எஃகுச் சட்டம் பதிக்கப்பட்டது. தேனிரும்பு மெல்ல ஒதுங்கியது. இன்று மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள எஃகுச் சட்டத்துக்கும் வார்ப்பிரும்பின் பெயரே நீடிக்கிறது.

13 மீட்டர் நீளச் சட்டம் ஒரு டிகிரி வெப்பத்துக்குச் சுமார் 0.15 மில்லிமீட்டர் நீளும். காலைக்கும் உச்சி வெயிலுக்கும் சட்டத்தின் சூடு 30 டிகிரி ஏறினால் நாலரை மில்லிமீட்டர். அதற்காக இணைப்புகளில் விட்ட இடைவெளியில் சக்கரம் இறங்கி ஏறியதுதான் பழைய ரயிலின் ‘தடக் தடக்’. சட்டங்களைப் பற்றவைத்து நெடுநீளமாக்கி, சிலீப்பரும் ஜல்லியும் இறுக்கிப் பிடிக்கும்படி செய்த பிறகு அந்தத் தாளம் குறைந்துவிட்டது. தேய்ந்து கழித்த சட்டத்துக்கும் வேலை உண்டு. ஊர்ப் பள்ளிக்கூடங்களில் மரக்கிளையில் மணியாகத் தொங்கும் ஒரு துண்டு, இரும்புக் கம்பியால் தட்டினால் தெருக்கோடிவரை கேட்கும்.

சொல்லுக்கு இன்னொரு வாழ்வும் கிடைத்தது. ‘உன் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏத்துறேன் பார்’ என்பது சண்டையில் சகஜமாக வந்துவிழும் மிரட்டல். வண்டவாளம் எதுகைக்காகக் கட்டிய வெற்றொலி அல்ல. கன்னடத்தில் ‘பண்டவாள’, மராத்தியில் ‘பாண்டவல்’ என்றால் வியாபாரத்தில் போட்ட முதல். ஒருவன் கையில் உள்ளபடி என்ன இருக்கிறது என்பது பிறகு அவனுடைய உண்மை நிலையையும், மறைத்து வைத்த குட்டையும் குறிக்க வந்தது. அதைத் தண்டவாளத்தில் ஏற்றினால் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிடும். ஏற்றுவதற்குத் தடம் வேண்டுமே. ஆகையால் சென்னையைப் பொறுத்தவரை இந்த மிரட்டலின் வயது செங்குன்றத்துக் கல்வண்டியைத் தாண்டிப் பின்னால் போக வழியில்லை.