குறுஞ்செய்தி விளம்பரமும் பெறுவோர் சம்மதமும்: ஒரு வரலாற்று ஆராய்ச்சி

கைப்பேசிக்கு வரும் வேண்டாத விளம்பரச் செய்திகளைத் தடுக்கும் பொருட்டு இந்தியாவில் 2007 முதல் ஏற்பட்ட விதிகளை வரிசைப்படுத்தி நோக்கும் ஒருவருக்கு, அவை யாவும் ஒரே பிரச்சினையைச் சுற்றி எழுந்தவை என்பது எளிதில் புலப்படும். அஃதாவது, ஒரு மனிதர் ஒன்றும் சொல்லாதிருந்தால் அம்மௌனத்தை இசைவாகக் கொள்வதா, மறுப்பாகக் கொள்வதா என்பதே. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்னும் உலக வழக்கை வியாபாரிகள் தமக்கு அநுகூலமாக எடுத்துக்கொண்டனர். சட்டமும் நெடுங்காலம் அவர்கள் பக்கமே சாய்ந்து நின்றது. அந்தச் சாய்வு எவ்வாறு சிறிது சிறிதாக நிமிர்ந்து வந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேளாத செய்தியை அனுப்பும் பழக்கம் கைப்பேசியோடு பிறந்ததன்று. 1864-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத்துப் பல் வைத்தியர் சிலர் தங்கள் வைத்தியசாலை திறந்திருக்கும் நேரத்தை அறிவித்துப் பிரமுகர்கள் பலருக்குத் தந்தி அனுப்பினர் என்பதும், அதைப் பெற்றவருள் ஒருவர் பத்திரிகைக்குக் கண்டனக் கடிதம் எழுதினார் என்பதும் பதிவாகியுள்ளன. ஆயினும் தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்தமையால் அவ்வழக்கம் பெருகுவதற்கு இடமில்லாமற் போயிற்று. குறுஞ்செய்தியின் இயல்போ வேறு. 1985-ஆம் ஆண்டளவில் ஜெர்மானியப் பொறியாளர் பிரீதெல்ம் ஹில்லெப்ராண்ட், அஞ்சலட்டைகளிலும் டெலெக்ஸ் செய்திகளிலும் ஜனங்கள் எவ்வளவு எழுதுகிறார்கள் என்று கணக்கிட்டு, 160 எழுத்து போதும் என்னும் முடிவுக்கு வந்தார். அழைப்புகளை இணைப்பதற்கென்று ஏற்கெனவே இருந்த சமிக்ஞைப் பாதையில் எஞ்சிய இடத்திலேயே அச்செய்தியைச் செலுத்தவும் வழி வகுக்கப்பட்டது. 1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் முதற் குறுஞ்செய்தி சென்றது. எஞ்சிய இடத்தில் ஏறிச் செல்வதாகையால் ஒரு செய்திக்கு ஆகும் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. அந்த மலிவே பிற்காலத்து உபத்திரவங்கள் அனைத்துக்கும் மூலகாரணமாயிற்று.

நம் நாட்டில் 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதோடு கைப்பேசி யுகம் தொடங்கியது. வரும் அழைப்புக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்த அந்நாட்களில் கைப்பேசி ஒரு சிலருக்கே உரிய ஆடம்பரமாக இருந்தது. 2003 மே மாதம் முதல் வரும் அழைப்புகள் இலவசமான பின்னரே அது சாமானியர் கைக்கு வந்தது. அவர்களைத் தொடர்ந்து கடன் அட்டை விற்பவரும், காப்புறுதி முகவரும், மனை விற்பவரும் வந்து சேர்ந்தனர். உச்ச நீதிமன்றம் வரையில் முறையீடு சென்றது. இறுதியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் 2007 ஜூன் மாதத்தில் முதல் ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டு, அவ்வாண்டு அக்டோபரில் ‘அழைக்காதீர்’ என்னும் தேசியப் பதிவேட்டைத் திறந்தது.

அப்பதிவேட்டின் அடிப்படைக் குறைபாட்டை இங்கே சற்று விரித்துரைத்தல் அவசியம். விளம்பரம் வேண்டாம் என்பவர் தாமே 1909 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பின்னும் 45 நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். பதிவு செய்யாதவர் எல்லோரும் விளம்பரத்தை விரும்புகிறவர்கள் என்றே கொள்ளப்பட்டனர். அத்தகைய பதிவேடு ஒன்று இருப்பதையே கேள்வியுறாத கோடிக்கணக்கானோர் இதனால் வியாபாரிகளின் வசம் ஒப்படைக்கப்பட்டனர் என்பதே என் அபிப்பிராயம். வீட்டு வாசலில் ‘உள்ளே வராதே’ என்று எழுதி வைக்காதவன் வீட்டில் எவரும் நுழையலாம் என்பது போன்ற நியாயம் அது.

2010 டிசம்பரில் வெளியாகி, பலமுறை ஒத்திவைக்கப்பட்டு, 2011 செப்டம்பர் 27 அன்று நடைமுறைக்கு வந்த இரண்டாம் விதிகள் முன்னதைக் காட்டிலும் கடுமையானவை. வங்கி, மனை, கல்வி, ஆரோக்கியம் முதலாக ஏழு வகைகளாக விளம்பரம் பகுக்கப்பட்டது. இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை விளம்பரம் விலக்கப்பட்டது. 45 நாட்கள் ஏழாகச் சுருங்கின. விதி மீறிய விளம்பர நிறுவனங்களுக்கு 25,000 ரூபாயில் தொடங்கி மீறுந்தோறும் அபராதம் ஏறியது. எனினும் பேச வேண்டிய கடமை பெறுபவரிடமே இருந்தது.

பதிவு செய்துகொண்ட நிறுவனங்கள் கட்டுப்பட்டவுடன், பதிவு செய்யாதோர் சாதாரண சிம் கார்டுகளை மொத்தமாக வாங்கி அவற்றின் வழியே விளம்பரம் அனுப்பத் தலைப்பட்டனர். அவர்களைத் தடுக்க எண்ணிய ஆணையம், ஒரு சிம்மிலிருந்து நாளொன்றுக்கு 100 செய்திகளுக்கு மேல் அனுப்பலாகாது என்று வரையறுத்து, விரைவில் அதை 200 ஆக உயர்த்தியது. நண்பர்களுக்குள் ஓயாமல் செய்தி பரிமாறிக்கொண்டிருந்த மாணவர்களையும், உறுப்பினர்களுக்குத் தகவல் சொல்லும் சங்கங்களையும் அவ்வரையறை ஒரே கயிற்றில் கட்டிவிட்டது. 2012 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம், சொந்தச் செய்திகளைப் பொறுத்தமட்டில் அவ்வரம்பு பேச்சுரிமைக்கு முரணானது என்று கூறி அதை ரத்துச் செய்தது. அத்தீர்ப்பு முற்றிலும் நியாயமானதே. வேண்டாத செய்தியினின்று ஒருவரைக் காக்கப் புகுந்த அரசு, வேண்டிய செய்தியை மற்றொருவர் அனுப்பும் சுதந்திரத்தைப் பறித்தல் தகாது. அதன்பின் ஆணையம் விலையைக் கருவியாகக் கொண்டது. நாளொன்றுக்கு 100-க்கு மேற்பட்ட ஒவ்வொரு செய்திக்கும் குறைந்தது 50 காசு என்னும் அந்த விதி 2020 வரையில் நிலைத்தது.

மனப்போக்கில் மெய்யான மாறுதலைக் காட்டுவது 2018 ஜூலையில் வெளியான மூன்றாம் விதிகளே. எவரும் பின்னர் திருத்த இயலாத பொதுப் பேரேடு ஒன்றைத் தொலைபேசி நிறுவனங்கள் யாவும் பகிர்ந்து பேண வேண்டும். செய்தி அனுப்பும் ஸ்தாபனம் தன் பெயர்க்குறியையும், செய்தியின் வாசக மாதிரியையும், பெறுவோரின் சம்மதத்தையும் அதில் முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். பேரேட்டோடு ஒவ்வாத செய்தி வழியிலேயே நின்றுவிடும். மௌனத்துக்குப் பதிலாக, எழுத்தில் பதிந்த சம்மதத்தை அனுப்புவோரிடம் கேட்கும் கொள்கை இங்கேதான் முதன்முறையாகத் தெளிவான உருப்பெற்றது. புகார் செய்வதற்கான ஆணையத்தின் செயலியை ஐபோனில் அனுமதிக்க மறுத்துவந்த ஆப்பிள் நிறுவனமும் அவ்வாண்டு இறுதிக்குள் இணங்கியது.

கொள்கை உருப்பெற்றதே தவிர நடைமுறை எளிதாக இல்லை. 2021 மார்ச் 8 அன்று செய்திகளை வாசக மாதிரியோடு ஒப்பிட்டு வடிகட்டத் தொடங்கியபோது, வங்கிகள் முதலிய பல ஸ்தாபனங்கள் தங்கள் மாதிரிகளைப் பதிவு செய்யாதிருந்தமையால், பணம் செலுத்துவதற்கு வேண்டிய ஓ.டி.பி. எண்கள் வந்து சேராமல் நாடெங்கும் ஜனங்கள் திகைத்தனர்; மறுநாளே ஆணையம் அவ்வடிகட்டலை ஏழு நாட்களுக்கு நிறுத்தி வைக்க நேர்ந்தது. பெரிய ஸ்தாபனங்களின் அசிரத்தைக்குச் சாமானியர் தண்டம் செலுத்திய அந்நிகழ்ச்சி, அவசியமான செய்தியும் அநாவசியமான செய்தியும் ஒரே பாதையில் வருவதன் அபாயத்தை எல்லோருக்கும் உணர்த்திற்று.

தமிழர்க்கே உரிய சங்கடம் ஒன்றையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் குறுஞ்செய்தி, தமிழில் யூனிகோடு முறையால் 70 குறிகளையே கொள்ளும். கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் மெய்யான எழுத்துக்கள் இன்னும் குறைவு. ஒரு செய்தி இரண்டு மூன்றாகப் பிரிந்து செலவு பெருகுவதனால், வங்கியின் எச்சரிக்கைகள் பல ஆங்கிலத்திலேயே வருகின்றன. மின் கட்டணம் பாக்கி, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்று மோசக்காரர் அனுப்பும் செய்தியும் அதே ஆங்கிலத்தில் வரும்போது, அம்மொழியில் பழக்கமில்லாத முதியவர் மெய்யையும் பொய்யையும் எவ்வாறு பகுத்தறிவார்? தொந்தரவாகத் தொடங்கிய ஒன்று வாழ்நாள் சேமிப்பைக் கவரும் வஞ்சகத்துக்கு வாயிலாகிவிட்ட இந்நிலையை நினைக்குந்தோறும் நெஞ்சம் பதைக்கிறது.

2025 பிப்ரவரியில் வந்த திருத்தம் இவ்வரலாற்றில் அண்மைக்காலத்து முக்கியமான படியாகும். அதன்படி விளம்பரச் செய்தியின் பெயர்க்குறி முடிவில் ‘பி’ என்றும், அரசாங்கச் செய்தியில் ‘ஜி’ என்றும் ஆங்கில எழுத்து நிற்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலுக்காக அளித்த சம்மதம் ஏழு நாட்களுக்கே செல்லும். ஆகையால் துணிக்கடையில் பில் போடுபவர் கேட்டார் என்று நாம் சொன்ன எண்ணுக்கு ஆண்டுதோறும் ஆடித் தள்ளுபடி விளம்பரம் அனுப்ப அக்கடைக்கு அதனால் உரிமை உண்டாகாது. எல்லாவற்றிலும் மேலாக, பதிவு செய்யாமல் விளம்பரம் அனுப்புவோர் மீது, எந்தப் பதிவேட்டிலும் தம் பெயரைச் சேர்க்காத ஒருவரும் இப்போது புகார் செய்யலாம். 2007-இல் மௌனமாயிருந்தமையால் உரிமையிழந்த பிரஜைக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்தே இது கிடைத்தது.

ஆயினும் விதி தானே இயங்குவதில்லை. ஒருவர் மீது பத்து நாட்களுக்குள் ஐந்து புகார்கள் சேர்ந்தால்தான் நடவடிக்கை தொடங்கும் என்பது இன்றைய ஏற்பாடு. ஆகவே தனியொருவர் எரிச்சலுற்று அழித்துவிடும் செய்தியால் பயன் ஒன்றுமில்லை. வாசகர்கள் தமக்கு வந்த வேண்டாத செய்தியை அழிப்பதற்கு முன்னர், அனுப்பியவர் எண்ணையும் தேதியையும் சேர்த்து ஏழு நாட்களுக்குள் 1909-க்கு அனுப்பி வைக்க வேண்டும் என்றும், ஆங்கிலம் அறியாத வீட்டுப் பெரியவர்களுக்கும் அதைச் செய்து கொடுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.