ரெப்ரெசிலேட்டர்

மைக்கேல் எலோவிட்ஸும் ஸ்டானிஸ்லாஸ் லெய்ப்லரும் 2000ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரையின் வழியே உயிரியலுக்குள் நுழைந்த இச்சொல், மரபணுவின் வெளிப்பாட்டை அடக்கும் புரதமாகிய ‘ரெப்ரெசர்’ என்பதும் அலைவியைக் குறிக்கும் ‘ஆசிலேட்டர்’ என்பதும் ஒட்டிப் பிறந்தது. முன்னதன் வேர் பின்தள்ளி அழுத்துதலையும், பின்னதன் வேர் ஊசலாடுதலையும் குறிக்கும் லத்தீன் வினைகளாகும். தமிழில் ‘அடக்கலைவி’ எனலாம். செவிக்குச் சற்றுக் கரடுமுரடாயினும் பொருள் பிறழாது.

இச்சொல் சுட்டுவது, ஈ. கோலை பாக்டீரியத்தினுள் அமைக்கப்பட்ட மூன்று மரபணுக்களின் வளையத்தையாகும். முதலாவதன் புரதம் இரண்டாவதையும், இரண்டாவதன் புரதம் மூன்றாவதையும், மூன்றாவதன் புரதம் மீண்டும் முதலாவதையும் அடக்குவதால், மூன்றின் அளவுகளும் மாறிமாறி ஏறி இறங்குகின்றன. ஒவ்வொரு மரபணுவின் தூது ஆர்என்ஏவும் புரதமும் காலப்போக்கில் மாறும் வேகத்தைக் கூறும் ஆறு வகைக்கெழுச் சமன்பாடுகளை ஆராய்ந்த அவ்விருவரும், புரதம் தூது ஆர்என்ஏவுக்கு ஒத்த வேகத்தில் சிதைவது ஊசலாட்டத்துக்குத் துணைசெய்யும் எனக் கண்டு, அடக்கிப் புரதங்களை விரைந்து சிதையச் செய்யும் குறிவால் ஒன்றை அவற்றுடன் இணைத்தனர். கணக்கு முந்த, உயிர் பின்தொடர்ந்த அரிய நிகழ்வு இது.

ஆயினும் சமன்பாடு காட்டிய சீர்மை செல்லில் முழுதாக வாய்க்கவில்லை. மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைவாயிருக்கும்போது தற்செயல் ஏற்றத்தாழ்வுகள் ஓங்குவதால், ஒரே தாய்ச்செல்லின் மகள்செல்கள்கூடத் தாளம் பிரிந்தன.