பள்ளி, சைக்கிள், ஓடுதளம்: புதுக்கோட்டைப் பெண்களின் ஒரு நூற்றாண்டு

ஓர் ஊரின் கல்வியைப் பள்ளிக் கணக்கிலும், உடல்நலத்தை ஆஸ்பத்திரிக் கணக்கிலும், விளையாட்டைப் பதக்கக் கணக்கிலும் எழுதிவைப்பது நம் ஆய்வு வழக்கம். துறைகள் தனி, அலுவலகங்கள் தனி, ஆவணங்களும் தனி. புதுக்கோட்டைப் பெண்களின் வரலாற்றைத் தேடிப் போனால் இந்தப் பிரிவினை நிற்பதில்லை. 1904இல் ஒரு பெண் கல்லூரிக்குப் போனது, 1991க்குப் பிறகு பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஏறியது, 2006இல் ஒரு பெண் தோஹாவில் ஓடியது ஆகிய மூன்றும் ஒரே வழக்கின் மூன்று விசாரணைகள். வீட்டுக்கு வெளியே ஒரு பெண்ணின் உடம்பு எங்கே, எதற்காக, யாருடைய அனுமதியோடு இருக்கலாம் என்பதுதான் அந்த வழக்கு. தீர்ப்பு மூன்றிலும் ஒரே மாதிரி வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்பதற்கே இக்கட்டுரை.

1904இல் கல்லூரிக்குப் போன அந்தப் பெண் முத்துலட்சுமி. 1886இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண் வயதுக்கு வந்ததும் படிப்பு நின்றுவிடும் காலம் அது. அவர் வீட்டிலிருந்தபடி படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். தாய்வழிப் பிறப்பையும் இழுத்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் உத்தரவு போட்டார், கதவு திறந்தது. எதிர்ப்பாளர்கள் முத்துலட்சுமியின் அறிவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வகுப்பறையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள் என்பதே அவர்களுடைய புகார்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், 1912இல் பட்டம் பெற்றார். 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நுழைந்து துணைத் தலைவரானார். அங்கே அவர் பேசியவற்றை இன்று தேவதாசி ஒழிப்பு என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடுகிறோம். பள்ளி மாணவர்களுக்கு முறையான மருத்துவப் பரிசோதனை வேண்டும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும், பெண்ணின் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்றும் அவர் வாதாடினார். இவை தனித்தனிக் கோரிக்கைகள் போலத் தோன்றும். ஒரு மருத்துவரின் கண்ணில் அவை ஒன்றேதான்: பதிமூன்று வயதில் கல்யாணமான சிறுமி பள்ளியை விட்டு நிற்பாள், அடுத்த ஒன்றிரண்டு ஆண்டில் பிரசவ அறையில் சாகவும் கூடும். 1929இன் சாரதா சட்டம் பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதை 14 ஆக்கியது. அதைக் கல்விச் சட்டம் என்றும் சுகாதாரச் சட்டம் என்றும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் துணிபு. அவர் முயன்ற தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் நிறைவேறியது; அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் திறந்தது. 1987இல் தமிழக அரசு தொடங்கிய மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியது.

ஆனால் 1904இல் திறந்த கதவு ஒருவருக்காகத் திறந்த கதவு. கல்லூரி முதல்வரின் மகள், மன்னரின் உத்தரவு: இந்த இரண்டும் வாய்க்காத பெண்களுக்கு அது அடுத்த நாளே மூடிக்கொண்டது. கல் உடைக்கும் வீட்டுப் பெண்ணுக்கு அப்படி ஒரு கதவு இருந்ததே தெரியாது.

அவள் கதை 1991இல் தொடங்குகிறது. எர்ணாகுளம் 1990இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதன் தொடர்ச்சியாக நாடெங்கும் எழுத்தறிவு இயக்கம் பரவியது. தமிழ்நாட்டில் அதற்கு அறிவொளி என்று பெயர். புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் தலைமையில் அரசு இயந்திரமும் அறிவியல் இயக்கத்தாரும் சம்பளமில்லாத தொண்டர்களும் ஒன்றாக இறங்கினார்கள். படிக்க வந்தவர்களிலும் கற்பித்தவர்களிலும் பெண்களே மிகுதி. பஸ் போகாத குடியிருப்புகளுக்கு மாலையில் போய்ப் பாடம் நடத்திவிட்டு இருட்டியபின் திரும்ப வேண்டும். நடந்தே எத்தனை நாள் போவது? சைக்கிள் ஓட்டக் கற்பதையும் இயக்கத்தின் பகுதியாக வைத்தார்கள். நான் அறிந்தவரை, ஓர் அரசு எழுத்தறிவுத் திட்டம் எடுத்த முடிவுகளில் இதைப்போல் கூர்மையானது வேறில்லை.

பிறகு நடந்தது திட்டத்தை மீறிப் போயிற்று. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்த ஆண்டுகளில் அங்கே போய் எழுதியதன்படி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராமச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் எல்லோரும் அதில் இருந்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு நகருக்குள் ஊர்வலம் வந்தார்கள். கடைகளில் லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள்; குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கெட்ட பேச்சும் வராமலில்லை. தெருவில் கேலி, வீட்டில் ஏச்சு, நடத்தை பற்றிய கிசுகிசு எல்லாம் வந்தன. 1904இன் சொற்கள் 87 ஆண்டுகளுக்குப் பிறகும் மாறாமல் இருந்தன. மாறியது எண்ணிக்கை. ஒருத்தியைக் கேலி செய்து வீட்டுக்குள் அனுப்பலாம், ஒரு பஞ்சாயத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை திடலில் விழுந்து எழுந்து பழகும்போது கேலி செய்கிறவன் தனியாளாகிவிடுகிறான்.

இந்தச் சைக்கிளை எந்தத் துறையில் சேர்ப்பது? அறிவொளித் தொண்டருக்கு அது கல்விக் கருவி. 5,000 பேருக்கு ஒரு துணைநிலையம் என்ற கணக்கில் ஊர் ஊராகச் சுற்றும் கிராமச் செவிலியருக்கு அது சுகாதாரக் கருவி. கர்ப்பிணியின் வாசலுக்குச் செவிலியர் எத்தனை முறை போக முடிகிறது என்பதை அதுவே தீர்மானித்தது. காய்கறி விற்பவளுக்கு அது பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் காசையும் மிச்சமாக்கிய வண்டி. இவையெல்லாம் ஆவணங்களில் ஏறின. சரியாகப் பதிவாகாத ஒன்று, அது அவர்களுக்கு விளையாட்டாகவும் இருந்தது என்பது. வளர்ந்த பெண்ணுக்கு விளையாட்டே இல்லாத ஒரு சமூகத்தில், வேகமாகப் போவதன் இன்பத்தை வேலையின் பெயரால் பலர் முதல்முறையாக அடைந்தார்கள். பயன் இருந்ததால் ஊர் பொறுத்துக்கொண்டது. அந்த இன்பத்தை மட்டும் கேட்டிருந்தால் கொடுத்திருக்குமா என்பது ஐயமே.

அரசும் பயனையே பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் பின்னர் மேல்நிலை வகுப்பு மாணவர் எல்லோருக்குமானது. பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்புச் சிறுமிகளுக்குக் கொடுத்தது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் செய்த ஆய்வு, அதனால் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 விழுக்காடு கூடியதாகக் கண்டது. உடல்நலத்திலும் அறுவடை தெரிகிறது. 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் அது 54. செவிலியர்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் இல்லாமல் இது வந்திருக்காது. பத்தாவது தாண்டிப் படித்த, தானே புறப்பட்டுப் போகத் தெரிந்த பெண்கள் இல்லாமலும் வந்திருக்காது.

விளையாட்டு மட்டும் பின்தங்கியது. படித்த பெண் பிள்ளைகளை நன்றாக வளர்ப்பாள், நலமான பெண் நல்ல பிள்ளை பெறுவாள் என்று குடும்பம் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடியும். ஓடுகிற பெண் யாருக்காக ஓடுகிறாள்? தனக்காகத்தான். இந்த விடையை ஏற்கும் பக்குவம் நம் வீடுகளுக்கு வரவில்லை. அதனால்தான் புதுக்கோட்டை வீராங்கனைகளின் கதைகள் தனியாட்களின் கதைகளாகவே இருக்கின்றன. 2016 குவாஹாட்டி தெற்காசியப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற சூர்யா இம்மாவட்டத்துப் பெண். அவருக்கும் முன்னால் ஓடியவர் சாந்தி சௌந்தரராஜன்.

கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளிகளான தலித் பெற்றோருக்குப் பிறந்தவர் சாந்தி. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அதன்பின் பாலினப் பரிசோதனைக்கு உட்படுத்தி, பதக்கத்தைப் பறித்தார்கள். முடிவு அவருடைய காதுக்கு முறையாகப் போகும் முன்பே ஊடகங்களில் வெளியானது. வெறுங்காலோடு பழகி, படிப்போடும் பசியோடும் போராடி ஓடுதளம் வந்த ஒரு பெண்ணின் உடம்பை நாடே கூடிப் பேசியது. தமிழக அரசு 15 லட்ச ரூபாய் பரிசை அவருக்கே கொடுத்தது. அந்தக் கௌரவத்தை நாட்டின் விளையாட்டு அமைப்புகள் கொடுக்கவில்லை. அவர் தம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சியளித்தார். பிறகு வறுமையில் மீண்டும் சூளையில் வேலை செய்தார். 2013இல் பயிற்சியாளர் பட்டயம் பெற்றார். 2016 முதல் அரசுப் பயிற்சியாளர்.

முத்துலட்சுமியின் பிறப்பைப் பேசிய ஊர் வாயும் சாந்தியின் உடம்பை அளந்த அதிகாரமும் வேறு வேறு காலத்தவை. முந்தையது சாதி மொழியில் பேசியது, பிந்தையது மருத்துவ மொழியில். முத்துலட்சுமி எந்த மருத்துவத்தைப் பெண்களுக்குக் காவலாகக் கொண்டுவரப் பாடுபட்டாரோ, அதே மருத்துவத்தின் பெயரால் அதே மண்ணின் இன்னொரு பெண் வெளியேற்றப்பட்டார். இருவருமே தனியாக நின்றவர்கள். முத்துலட்சுமியின் பக்கம் ஒரு மன்னர் இருந்தார். சாந்தியின் பக்கம் நிற்க வேண்டிய சங்கங்கள் நிற்கவில்லை. ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை துத்தி சந்த் 2014இல் ஹார்மோன் அளவு பற்றிய விதியால் தடைசெய்யப்பட்டபோது வழக்கறிஞர்களும் ஆய்வாளர்களும் உடன் நின்றார்கள். 2015இல் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. சாந்திக்கு நேர்ந்தது தெரிந்திருந்ததாலேயே அவர்கள் விழித்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம். ஆனால் உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் முதல் உலகப் போட்டிகளில் மகளிர் பிரிவில் பங்கேற்போருக்கு மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சாந்தியின் பதக்கம் திருப்பித் தரப்படவில்லை. அதைக் கேட்கும் பொறுப்பு அவருடையது மட்டுமாக இருக்கக் கூடாது. இந்திய ஒலிம்பிக் சங்கமும் தமிழ்நாடு அரசும் கேட்க வேண்டும்.