எழுதும் கையும் பார்க்கும் கண்ணும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதம் கட்டுகஸ்தோட்டையில் மகாவலி ஆற்றைக் கடந்து, மலைச்சரிவை ஒட்டி வளைந்து சென்று வத்தேகமவை அடைகின்றது. 1880ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பாதை அது. கோப்பியை ஏற்றிச் செல்வதற்கென்று எண்ணிய பாதை. ஆயினும் 1869இல் தோன்றிய இலைநோய், தண்டவாளம் வந்து சேருமுன்னரே கோப்பியைத் தின்று தீர்க்கத் தொடங்கிவிட்டது. இன்று அந்நிலையத்தில் இறங்கும் கூட்டத்தினுள்ளே அரசாங்கக் கணக்காய்வுப் பயிலுநர் ஒருவர் இருப்பாராயின், அவரை எவரும் திரும்பிப் பாரார். எனினும் அவர் நகர சபைக் காரியாலயத்துள் நுழைந்ததும், பல்லாண்டு பணியாற்றிய காசாளர்களும் எழுந்து அலுமாரித் திறப்பை எடுப்பர். இருபத்தைந்து வயதினர் ஒருவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

முதலில் அவர் செய்யும் வேலை எத்தகையது என்று பார்ப்போம். பயிலுநருக்குப் பெரிய ஊழல்களைக் கண்டுபிடிக்கும் பணி கொடுக்கப்படுவதில்லை. பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் அவர்முன் வைக்கப்படும். சோலைவரி, சந்தைக் கடை வாடகை, வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம் ஆகியவற்றுக்கு எழுதிய சீட்டுகளின் அடிக்கட்டைகளை எண் வரிசையாக அவர் புரட்ட வேண்டும். ஓர் எண் விடுபட்டிருந்தால், அந்தச் சீட்டு எங்கே என்று கேட்க வேண்டும். பழுதான சீட்டாயின், மூலப்பிரதியும் அதனோடு ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும். சீட்டிலுள்ள தொகை காசேட்டில் ஏறியதா, காசேட்டிலுள்ளது வங்கியில் வைப்பிடப்பட்டதா, வைப்பிடப்பட்டது அன்றோ மறுநாளோ, அன்றிப் பத்து நாட்கள் கழித்தோ என்பதையெல்லாம் ஒப்பிட்டுப் பென்சிலால் சிறு குறி இட்டுக்கொண்டே செல்ல வேண்டும். அந்தப் பத்து நாட்களில் பொதுமக்கள் பணம் எவருடைய பையில் இருந்தது என்பதே கேள்வி. நாள் முழுவதும் ஓயாமல் குறியிட்டுச் சலித்துப்போகும் வேலைதான். ஆனால் கணக்கில் நிகழும் களவு பெரும்பாலும் பெரிய கூட்டுத்தொகையில் ஒளிந்திருப்பதில்லை. விடுபட்ட ஓர் எண்ணிலோ, பிந்திய ஒரு தேதியிலோதான் ஒளிந்திருக்கும்.

அடுத்து அவர் காகிதத்தை விட்டு வெளியே செல்வார். வடிகானுக்கென்று இத்தனை மூடை சீமெந்து வழங்கியதாகக் களஞ்சியப் பதிவேடு கூறினால், அந்த வடிகானின் நீள அகலத்தை அளந்து பார்த்தல் வேண்டும். களஞ்சியத்திலுள்ள மண்வெட்டிகளையும் எண்ணுதல் வேண்டும். குறை கண்டவிடத்து அவர் எவரையும் தண்டிப்பதில்லை. ஒரு வினாவை எழுதி மேலதிகாரியிடம் சேர்ப்பிப்பார். சபை அதற்கு எழுத்தில் விடையளித்தாக வேண்டும். அவ்வினா விடையின்றிப் படிப்படியாக மேலேறி, பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படும் அறிக்கையில் ஒரு பந்தியாக இடம்பெறவும் கூடும்.

இவ்வாறு கேட்கும் உரிமை ஒரே நாளில் தோன்றியதன்று. இலங்கையின் கரையோரம் ஆங்கிலேயர் வசமாகிய சில ஆண்டுகளில், 1799இல், கணக்கைப் பார்க்கும் பதவி இந்நாட்டில் ஏற்படுத்தப்பட்டது. முதலில் அமர்ந்தவர் சிசில் சிமித் என்பவர். ஆனால் கணக்கை வைத்திருக்கும் பொறுப்பும் அதனைச் சரிபார்க்கும் பொறுப்பும் அவர் ஒருவரிடமே சேர்ந்திருந்தன. எழுதும் கையும் பார்க்கும் கண்ணும் ஒரே உடலில் அமைந்தால் கண்ணுக்கு எதுதான் பிழையாகத் தோன்றும்?

இதன் ஆபத்தைத் தமிழர் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேரூர்ச் சபையார் கல்லில் வெட்டுவித்த விதிகள் புகழ்பெற்றவை. குடவோலை முறைக்காக அவற்றைப் பலரும் போற்றுவர். கணக்குப் பற்றிய விதியைக் குறிப்பிடுவோர் சிலரே. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லாமல், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்குத் தகுதியற்றவராயினர். மைத்துனன் செய்த தவறுக்காகத் தன் தகுதியை இழக்கும் விதி இக்காலத்தவருக்குக் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் உறவினர் பெயரில் பதவி திரும்பி வரும் வழியை அச்சபையார் நன்கு அறிந்திருந்தனர் என்றே கொள்ள வேண்டும்.

மேல்நாட்டில் 1866இல் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது நிறைவேறிய சட்டம், கணக்காய்வாளரை அமைச்சர்களின் கையிலிருந்து விடுவித்தது. பாராளுமன்றத்தின் இரு சபைகளும் கேட்டுக்கொண்டாலன்றி அவரை நீக்குதல் இயலாது. 1947ஆம் ஆண்டின் சோல்பரி அரசியலமைப்பும் அதே வழியில் சென்று, கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் சம்பளத்தைத் திரட்டு நிதியின்மீது சாட்டியது. ஆண்டுதோறும் வாக்கெடுப்பில் அதனைக் குறைத்துவிட இயலாமற் போயிற்று. 1978ஆம் ஆண்டின் யாப்பு உள்ளூராட்சி மன்றங்களையும் அரசாங்கக் கூட்டுத்தாபனங்களையும் அவருடைய பார்வைக்குள் வைத்தது. 2015இல் 19ஆவது திருத்தம் கணக்காய்வுச் சேவைக்கெனத் தனி ஆணைக்குழுவை உண்டாக்கியது. 2018இல் தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்தது. 2020இல் 20ஆவது திருத்தம் அந்த ஆணைக்குழுவை அகற்றியது. 2022இல் 21ஆவது திருத்தம் அதனை மீண்டும் நிறுவியது. ஏழே ஆண்டுகளில் கட்டியும் இடித்தும் மறுபடி கட்டியும் ஆயிற்று. பயிலுநர் எழுதும் வினாவுக்குப் பலம் தருவது இந்தக் கட்டடமே.

இனி வத்தேகமவைச் சூழ்ந்த மலைகளை நோக்குவோம். பார்க்கும் கண் இல்லாத கணக்கு எத்தகையதாகும் என்பதை அங்கே வாழ்ந்த மக்களைப்போல் அறிந்தவர் எவரும் இலர். தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னாரில் இறங்கி, காட்டு வழியாய் மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து தோட்டங்களுக்குப் பிரிந்தனர். வழியிலேயே மாண்டவரும் பலர். பிழைத்து வந்து சேர்ந்தவர்மீது வழிச்செலவு கடனாக ஏறியது. பின்பு அரிசிக்கும் கம்பளிக்கும் பற்று எழுதப்பட்டது. அந்தக் கடனைப் பங்கிட்டு வைத்திருந்தவர் கங்காணி. ஒரு கங்காணியின் கூட்டம் தோட்டம் மாற விரும்பினால், இத்தனை ரூபா கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்போம் என்று துரை ஒரு 'துண்டு' எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் அதனைச் செலுத்தித் தானும் முற்பணம் கொடுக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் வளர்ந்ததே அன்றிக் குறைந்ததில்லை. எழுத்தறியாத தொழிலாளிக்குத் தன் பெயரின்கீழ் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல ஆளில்லை. இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

நாட்சம்பளத்தின் கதையும் செக்ரோலில் இருந்தது. அதில் ஒருநாள் வேலைக்குப் 'பேர்' போடப்படும், குறைந்தால் 'அரைப்பேர்'. பேர் போடுகிறவரோ கணக்கப்பிள்ளை. கணக்கு என்னும் சொல்லையே பெயரில் தாங்கிய அவர், மலையில் வேலை வாங்குபவராகவும் இருந்தார். வேலையை ஏவுகின்றவரே கூலியையும் பதிந்தார். உத்தரமேரூர்ச் சபையார் இதனைக் கண்டிருந்தால் ஒருநாளும் உடன்பட்டிரார்.

1975ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தத்தினால் கம்பனித் தோட்டங்கள் அரசின் உடைமையாகி, பெரும்பாலும் கூட்டுத்தாபனங்களின் கீழ் வந்தன. அதனால் செக்ரோலும் அரசாங்கக் கணக்காய்வாளர் கேட்டால் காட்டவேண்டிய ஏடாயிற்று. 1992இல் பல தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளுக்குச் சென்றபின்னும், கண்டி, மாத்தளைப் பகுதிகளில் சில தோட்டங்கள் அரச நிறுவனங்களிடமே எஞ்சின. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி தொடங்கிய ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 பங்கு கழிக்கப்படும். தொழில்தருநர் 12 பங்கு சேர்த்துச் செலுத்துதல் வேண்டும். கழித்த பணம் நிதிக்குப் போய்ச் சேராமல் நிலுவையாகக் கிடந்த செய்தி, இத்தகைய அரச நிறுவனங்கள் சிலவற்றைப் பற்றிப் பாராளுமன்றக் குழுவின் விசாரணையில் வெளிப்பட்டது. கொழுந்து பறித்த பெண்ணொருத்தியின் முதுமைக்கால அரிசியே அந்த நிலுவை. சம்பளப் பட்டியலில் கழிவு எழுதப்பட்டுள்ளது. அதே மாதத்தில் நிதிக்குச் செலுத்திய பற்றுச்சீட்டு எங்கே என்பதுதான், அத்தகைய தோட்டமொன்றின் காரியாலயத்தில் மேசையின் ஓரத்தில் அமர்ந்து பயிலுநர் கேட்கும் முதற்கேள்வி.